எலுமிச்சை, பச்சிலை சேர்த்துச் சுடும் வான்கோழி நெஞ்சுக்கறி: முதல் நாள் இரவிலிருந்து தட்டு வரை

செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவு வரைக்கும் டிசம்பர் மாதம் வான்கோழி வாங்குகிற வீடுகள் உண்டு. பெரும்பாலும் துண்டு போட்டுக் குழம்பாகிவிடும். நெஞ்சுப் பகுதியை மட்டும் முழுசாக வைத்துச் சுட்டுப் பார்க்கலாம் என்று இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சேர்மானம் ரொம்பக் குறைவு: உப்பு, வெண்ணெய், எலுமிச்சை, பச்சிலை, பூண்டு, மிளகு. பிறகு ஏன் கெட்டுப்போகிறது என்றால், எதை எப்போது போடுவது என்பதில்தான். கறியைப் பார்த்ததும் எலுமிச்சையைப் பிழிந்து பிசறி வைப்பது நம் கைப்பழக்கம். இங்கே அது கூடாது. உப்பு முதல் நாள் இரவு. எலுமிச்சைத் தோல் அடுப்பில் வைக்கும் முன். சாறு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. இந்த மூன்றும் இடம் மாறாமல் இருந்தால் மீதியில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சமாளித்துவிடலாம்.

கீழே உள்ள அளவுகள் எலும்போடு, தோலோடு ஒன்றரைக் கிலோ நெஞ்சுக்கறிக்கு. ஆறு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

1. கறிக்கடையில் சொல்ல வேண்டியது

பாதி வேலை கடையிலேயே கெட்டுவிடும். நம் பக்கத்துக் கடைகளில் கோழி என்றால் தோலை உரித்து, சின்னச் சின்னதாக வெட்டி, பையில் போட்டுத் தருவதுதான் வழக்கம். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் கத்தி விழுந்திருக்கும். அதனால் பறவையைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லுங்கள்: "பாய், தோலை உரிக்க வேண்டாம். நெஞ்சை எலும்போட முழுசா விடுங்க, துண்டு போட்டுடாதீங்க. காலும் இறக்கையும் குழம்புக்கு வெட்டிக் கொடுங்க."

தோல் ஏன் வேண்டும்? நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, வீட்டில் வளர்த்த வான்கோழியில் இன்னும் குறைவு. தோல்தான் நேரடி அனலைத் தாங்கும். வெண்ணெயைப் பிடித்து வைக்கவும் அதுதான் இடம். எலும்பு இருந்தால் கறி மெதுவாகச் சூடேறும், சுருங்கி உருண்டையாகாது.

உயிர் எடை ஆறு கிலோ உள்ள பறவையிலிருந்து நெஞ்சு மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தேறும். ஏழு எட்டுக் கிலோ ஆண் பறவை வேண்டாம் என்பேன். வயது ஏறியிருக்கும், சுட்டால் நார் கடிக்கும், குழம்புக்குத்தான் சரி. நான்கைந்து கிலோ பெட்டை நல்ல தேர்வு. அதில் நெஞ்சு கொஞ்சம் சிறிதாக இருக்கும், உப்பையும் நேரத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் தடவித் தீயில் வாட்டித் தருவார்கள். வாட்டட்டும், முடி பொசுங்க வேண்டும். மஞ்சள் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மஞ்சள் பூசிய தோல் ஆரம்பத்திலிருந்தே பொன்னிறமாகத் தெரியும், எப்போது நிஜமாகச் சிவந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

காலையில் அறுத்து மதியம் சுடுவது இன்னொரு தவறு. அறுத்த சில மணி நேரத்துக்குத் தசை விறைத்திருக்கும். அந்த நேரத்தில் அடுப்பில் வைத்தால் ரப்பர்தான். ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருந்தால் தளர்ந்துவிடும். எப்படியும் உப்புப் போட்டு ஓர் இரவு வைக்கத்தான் போகிறோம், இரண்டுக்கும் ஒரே காத்திருப்பு.

புனலூர், கொல்லம் பக்கத்துப் பெரிய கடைகளில் உறையவைத்த வான்கோழி வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பொட்டலத்தில் உப்புக் கரைசல் சேர்த்தது என்று போட்டிருந்தால் மூன்றாம் படியில் உள்ள உப்பு வேண்டாம். இரண்டு, நெஞ்சு மட்டும் என்றால் பனி விட ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு முழு நாள் வேண்டும், முழுப் பறவைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். சமையல் மேடையில் வைத்து உருக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் வெளிப்புறம் கெட ஆரம்பிக்கும்போதும் உள்ளே கல்லாகத்தான் இருக்கும்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

எலும்போடு நெஞ்சுக்கறி ஒன்றரைக் கிலோ. தூள் உப்பு 18 கிராம். உப்பில்லாத வெண்ணெய் 75 கிராம். நன்றாகப் பழுத்த எலுமிச்சை ஐந்தாறு. பூண்டு ஆறு பல். நுணுக்கிய பச்சிலை (எந்த இலை என்பது நான்காம் படியில்) மூன்று மேசைக்கரண்டி. அப்போது இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி. பெரிய வெங்காயம் இரண்டு. எலுமிச்சைப்புல் நாலைந்து தண்டு. டிரேயில் இறங்கும் சாற்றில் கடைசியாகச் செய்கிற சாறுக்குழம்புக்கு மைதா ஒரு மேசைக்கரண்டி.

பாத்திரத்தில் முக்கியமானது கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அவன் (ரொட்டி, கேக் சுடும் மின்சார அடுப்பு) இல்லாமல்கூட இதைச் செய்துவிடலாம், தெர்மாமீட்டர் இல்லாமல் செய்வது குருட்டாம்போக்குதான். வாங்கியதும் ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் வைத்துப் பாருங்கள், 0 டிகிரி பக்கம் காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் சோதிப்பதானால் உங்கள் ஊரின் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். செங்கோட்டையில் 100-ஐ ஒட்டிக் காட்டும். மூணாறு 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கருவி பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அவன் என்றால் ஓடிஜி எனப்படும், மேடைமேல் வைக்கும் சின்ன அவன் போதும், 28 லிட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. அதைவிடச் சின்னதில் நெஞ்சின் மேடு மேல்கம்பியைத் தொடுகிற மாதிரி நிற்கும், தோல் கருகிவிடும். அப்படியானால் கறியை இரண்டாகப் பிளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக் விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஓடிஜி பலவும் 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1,400 வாட்டுக்கும் உள்ளேதான். மிக்ஸி மாட்டும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதை ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் ஒயர் உருகும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராக மாட்டுங்கள்.

3. முதல் நாள் இரவு: துடைப்பதும் உப்பும்

கறியைக் குழாயடியில் வைத்து அலசித் தள்ளுவதை விட்டுவிடச் சொன்னால் எந்த அம்மாவும் கேட்கப்போவதில்லை. தெறிக்கிற தண்ணீரோடு கிருமி மேடை முழுக்கப் பரவும் என்பது உண்மை. கழுவியே ஆக வேண்டுமென்றால் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி எடுத்து, சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கழுவுவதைவிடப் பெரிய வேலை துடைப்பது. பழைய பருத்தித் துணியால், தோலின் மேலும் எலும்புக் குழிக்குள்ளும் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஈரத்தோல் அவனில் முதலில் ஆவியாகும், அப்புறம்தான் சிவக்கும். அதற்குள் கறி வெந்து முடிந்திருக்கும்.

முடிக்குருத்து மிச்சம் இருந்தால் இப்போதே பிடுங்கிவிடுங்கள். புருவம் திருத்தும் இடுக்கி இதற்கு நல்ல கருவி.

அடுத்து, தோலைக் கறியிலிருந்து தளர்த்த வேண்டும். கழுத்துப் பக்கத்திலிருந்து இரண்டு விரலை நுழைத்து, மெல்லிய சவ்வைத் தள்ளிக்கொண்டே உள்ளே போங்கள். நகம் இருந்தால் தோல் கிழியும், மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். நடு எலும்புமேல் தோல் இறுக ஒட்டியிருக்கும். அங்கே அவசரம் கூடாது, இரண்டு பக்கமும் பை மாதிரி திறந்தால் போதும்.

உப்பு கிலோவுக்கு 12 கிராம் கணக்கு. தராசு இல்லையென்றால் தூள் உப்பில் தட்டையாக மூன்று தேக்கரண்டி, ஒன்றரைக் கிலோவுக்குச் சரி. கல்லுப்பை அப்படியே கரண்டியால் அளந்தால் கணக்குத் தப்பும், பொடித்து எடையாகப் போடுங்கள். முக்கால் பங்கைத் தோலுக்கு அடியில் கறிமேலும் எலும்புப் பக்கமும், மீதியைத் தோல்மேலும் தேய்க்க வேண்டும். தோல்மேல் கொட்டியது மட்டும் கறிக்குள் சரியாகப் போகாது.

உப்பு முதலில் கறியிலிருந்து தண்ணீரை இழுக்கும். அரை மணி நேரத்தில் பார்த்தால் ஈரம் பூத்திருக்கும். அதைப் பார்த்துப் பயந்து வடித்துவிடுகிறவர்கள் உண்டு. விடுங்கள், அந்த உப்புநீரையே கறி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உப்பேறிய தசை சூட்டில் குறைவாகச் சுருங்கும், அதனால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்குக் குறைந்தது 12 மணி நேரம் வேண்டும், 24 இருந்தால் இன்னும் நல்லது.

மூடாமல் தட்டில் வைத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். மூடாததால் தோல் காய்ந்து காகிதம் மாதிரி ஆகும், அதுதான் வேண்டியது. அடித்தட்டு ஏனென்றால் சொட்டினாலும் இட்லி மாவிலும் பாலிலும் விழாது. சாரல் காலத்தில் வெளியே வைத்து உலர்த்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்துக் காற்றில் அப்பளமே காயாது.

4. பச்சிலை: எது கிடைக்கும், எது ஒத்துவரும்

இந்தச் சமையல் வந்த வெளிநாடுகளில் ரோஸ்மேரி, தைம், சேஜ் என்ற வாசனை இலைகளைப் போடுகிறார்கள். முதல் இரண்டும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைகின்றன. மலைக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லிவைத்தால் பச்சையாகவே கிடைக்கும். ரோஸ்மேரி கிடைத்தால் ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். மருந்து வாடை அடிக்கும். காம்பு கட்டை மாதிரி, இலையை மட்டும் உருவிப் பொடியாக அரிய வேண்டும். காய்ந்த இலை என்றால் பச்சையில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள்.

கிடைக்காவிட்டால் நம் கொல்லையில் ஆள் இருக்கிறது. கற்பூரவல்லி இலையில் இருக்கும் வாசனைச் சத்து தைமில் இருப்பதன் நெருங்கிய சொந்தம். சாறு மிகுந்த தடித்த இலை என்பதால் நுணுக்கிய பிறகு துணியில் வைத்துப் பிழிந்துவிட வேண்டும், இல்லையென்றால் வெண்ணெய் நீர்த்துப்போகும். நாலு இலைக்கு மேல் போனால் இருமல் கஷாயம் நினைவுக்கு வரும். ஒரு சிட்டிகை ஓமம் நசுக்கிப் போடுவதும் அதே மணத்தைத் தரும்.

எனக்குப் பிடித்தது எலுமிச்சை இலை, நாரத்தை இலை. கொழுந்தும் வேண்டாம், கரும்பச்சையாக முற்றியதும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் உள்ளதைப் பறியுங்கள். இதே இலைகளில் வேப்பிலைக்கட்டி இடிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த வேலைதான்: நடுநரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு, மீதியைச் சுருட்டி நூல் நூலாக அரிய வேண்டும். நரம்போடு போட்டால் பல்லில் மாட்டும்.

திருநீற்றுப்பச்சிலை கொஞ்சம் போடலாம். துளசி வேண்டாம், கிராம்பு வாடை தூக்கும். புதினாவும் கொத்தமல்லியும் அவ்வளவு நேர அனலில் கருகி வைக்கோல் மணம்தான் மிஞ்சும். அவற்றைக் கடைசியில் மேலே தூவிக்கொள்ளலாம். கறிவேப்பிலை வந்தால் மற்ற எதுவும் தெரியாது. அப்புறம் அது வேறு சமையல்.

மசாலாவைப் பற்றி ஒரு வார்த்தை. பிரானூர் பார்டரில் கோழி வறுவல் சாப்பிட்ட நாக்கு, "ஒரு ஸ்பூன் மிளகாய்ப்பொடி போட்டால் என்ன குறைஞ்சிடும்?" என்று கேட்கும். 220 டிகிரியில் மிளகாய்ப்பொடி கருகிக் கசக்கும், அதுதான் குறை. காரம் வேண்டுமென்றால் கடைசியில் செய்கிற சாறுக்குழம்பில் மிளகைக் கூட்டுங்கள்.

5. எலுமிச்சை: தோல் ஒரு வேலை, சாறு வேறு வேலை

வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் மஞ்சள் எலுமிச்சை பெரியது, தோல் தடித்தது. நம்முடையது சிறியது, தோல் மெல்லியது, புளிப்பு அதிகம். ஒரு பழம் என்று அங்கே போட்டிருந்தால் தோலுக்கு நம் பழம் குறைந்தது இரண்டு வேண்டும், சாற்றை ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எலுமிச்சை மணம் இருப்பது தோலின் வெளிப்பரப்பில் உள்ள எண்ணெயில். வெண்ணெயோடு சேர்ந்தால் அது கரைந்து கறி முழுக்கப் பரவும், அனலையும் ஓரளவு தாங்கும். சாற்றில் இருப்பது பெரும்பாலும் புளிப்பு. அதை முதல் நாளே பிழிந்து வைத்தால் கறியின் மேற்பரப்பு அமிலத்திலேயே வெந்து வெளுக்கும். சுட்டபின் அந்த அடுக்கு சுண்ணாம்பு மாதிரி பொடிப் பொடியாக இருக்கும். குழம்பில் இது தெரியாது, முழு நெஞ்சைச் சுட்டால் முதல் வாயிலேயே தெரியும். போதாக்குறைக்குத் தோலும் நனைந்துவிடும்.

புளியங்குடி சந்தையிலிருந்து லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகிற பழம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோலுக்கு எடுக்கும்போது மஞ்சளாகப் பழுத்து, கெட்டியாக, பளபளப்பாக இருப்பதைப் பொறுக்குங்கள். வாடிய பழத்தில் சாறு வரும், தோல் துருவியில் வழுக்கும். ஜாதிக்காய் துருவும் சின்னக் கண் துருவியில் ஒரே இடத்தில் இரண்டு இழுப்பு, பழத்தைத் திருப்புங்கள், மறுபடி இரண்டு. வெள்ளை தெரிந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த வெள்ளைதான் கசப்பு. நான்கு பழத்தைத் துருவினால் இரண்டு தேக்கரண்டி அளவு தேறும். முதலில் துருவிவிட்டுப் பிறகு அறுங்கள்; அறுத்த பழத்தைத் துருவ முயல்கிறவர்கள் விரலைத்தான் துருவுகிறார்கள்.

வட்ட வட்டமாக அறுத்துக் கறிக்கு அடியில் பரப்பி வைப்பது படத்துக்கு அழகு. நம் பழத்தில் அதைச் செய்யாதீர்கள். வெள்ளைத்தோலும் விதையும் ஒரு மணி நேரம் வெந்தால் அடியில் சேரும் சாறு முழுக்கக் கசந்துவிடும். அந்த இடத்துக்கு எலுமிச்சைப்புல் தண்டை நசுக்கிப் போடுங்கள்.

6. வெண்ணெய்க் கலவை

வெண்ணெய் உருகக் கூடாது, விரலால் அழுத்தினால் குழைய வேண்டும். நம் ஊரில் கால் மணி நேரம் வெளியே வைத்தால் போதும். நசுக்கிய பூண்டு, துருவிய எலுமிச்சைத் தோல், பச்சிலை, மிளகு சேர்த்துப் பிசையுங்கள். உப்பு வேண்டாம். உப்புப் போட்ட வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் முதல் நாள் உப்பில் ஒரு கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.

முக்கால் பங்கு தோலுக்கு அடியில் போக வேண்டும். கரண்டியால் தள்ளி வைத்துவிட்டு, வெளியிலிருந்து தோல்மேல் கையால் தடவினால் பரவிவிடும். மீதியை உருக்கித் தோல்மேல் பூசுங்கள். அதற்கு முன் அந்தப் பங்கிலிருந்து பூண்டுத் துணுக்குகளை வடித்துவிடுங்கள். தோல்மேல் நிற்கும் பூண்டு முதல் பத்து நிமிடத்திலேயே கரியாகும்.

கறி ஃப்ரிட்ஜிலிருந்து வந்த குளிரோடு இருந்தால் வெண்ணெய் கட்டிகட்டியாக நிற்கும். அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வெளியே வேண்டாம்.

7. சுடுவது

அவனை 220 டிகிரியில் கால் மணி நேரம் காய விடுங்கள். விளக்கு அணைந்ததும் காய்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சுவரும் காய வேண்டும்.

டிரேயில் வெங்காயத்தைத் தடித்த வட்டமாக அறுத்துப் பரப்பி, நசுக்கிய எலுமிச்சைப்புல்லை மேலே வைத்து, அரை தம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சொட்டும் வெண்ணெய் அடிப்பிடிக்காமல் இருக்கத்தான் இது. தம்ளர் கணக்கில் ஊற்றினால் அவன் ஆவிச்சட்டியாகிவிடும். வெங்காயப் படுக்கையின் மேல் கறியை எலும்பு கீழே, தோல் மேலே இருக்குமாறு வையுங்கள். டிரே கீழ்த்தட்டில் போகட்டும்.

முதல் 20 நிமிடம் 220-இல். தோல் இறுகிப் பொன்னிறம் ஏறும். பிறகு கதவைத் திறக்காமலேயே 160-க்குக் குறையுங்கள். விசிறி ஓடும் அவன் என்றால் இரண்டிலும் 15 டிகிரி குறைவாக வையுங்கள். ஒன்றரைக் கிலோவுக்கு மொத்தம் 70 முதல் 90 நிமிடம் ஆகலாம். இது உத்தேசம்தான், ஒவ்வொரு ஓடிஜியும் ஒரு மாதிரி, குமிழில் போட்டிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் பல வீடுகளில் சம்பந்தமே இல்லை. 50 நிமிடத்திலிருந்து தெர்மாமீட்டரைப் பார்க்க ஆரம்பியுங்கள்.

மேல்பக்கம் சீக்கிரம் கறுத்தால் ஃபாயிலைக் கூரை மாதிரி மடித்து மேலே வையுங்கள். சுற்றி இறுக்கி மூட வேண்டாம், ஆவி பிடித்துத் தோல் தொளதொளவென்று ஆகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து வெண்ணெய் ஊற்றுகிற வேலையும் வேண்டாம். ஒவ்வொரு திறப்புக்கும் சூடு இறங்கும், தோலில் ஈரமும் ஏறும்.

கரண்ட் போனால்? கதவைத் திறக்காதீர்கள். பத்து நிமிடத்தில் வந்துவிட்டால் அந்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஆகியும் வரவில்லையென்றால் கனமான சட்டிக்கு மாற்றி, மூடி போட்டு, அடுப்பில் சிறு தீயில் முடித்துவிடுங்கள். பாதி வெந்த கறியை அப்படியே வைத்துக் காத்திருப்பதுதான் ஆபத்து.

8. அவன் இல்லாத வீட்டில்

இதற்கு எலும்பில்லாத, தோலோடு உள்ள பாதி நெஞ்சு, அறுநூறு கிராம் போல, வாங்குங்கள். முழு நெஞ்சு சட்டியில் சரியாக உட்காராது. உப்பு, வெண்ணெய் எல்லாம் மேலே சொன்ன வரிசைதான்.

இரும்புச் சட்டியைக் காய வைத்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து நடுத்தரத் தீயில் ஏழெட்டு நிமிடம் விடுங்கள். இடையில் கிளறவோ நகர்த்தவோ வேண்டாம். சிவந்ததும் தானாகவே விட்டுக்கொடுக்கும். பிறகு அடிகனமான இன்னொரு சட்டியில் வெங்காயம், எலுமிச்சைப்புல் பரப்பி, கால் தம்ளர் தண்ணீர் விட்டு, தோல் மேலே இருக்குமாறு கறியை வைத்து மூடி, சிம்மில் 25 முதல் 35 நிமிடம். தோல் அவனில் வருகிற அளவு மொறுமொறுப்பாக வராது. கறியின் பதத்தில் குறை இருக்காது.

குக்கரில் வைத்து விசில் எண்ணலாமா என்று கேட்காதவர் இல்லை. குக்கருக்குள் சூடு 120 டிகிரிக்குப் போகும். கால் கறிக்கு அது சரி, நெஞ்சுக்கறி வறண்டு நாராகிவிடும்.

9. வெந்ததா என்று பார்ப்பது

நெஞ்சின் தடித்த இடத்தில், பக்கவாட்டிலிருந்து நடு வரை குத்துங்கள். முனை எலும்பைத் தொட்டால் அளவு தப்பும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நம்பாதீர்கள், மூன்று இடத்தில் பாருங்கள். கிடைக்கிற எண்களில் குறைந்ததுதான் கணக்கு.

பறவைக் கறிக்குப் பாதுகாப்பான அளவு 74 டிகிரி. 71 காட்டும்போது வெளியே எடுத்து ஃபாயில் போர்த்தினால், வெளிச்சூடு உள்ளே போய் மீதி மூன்று டிகிரி ஏறிவிடும். குத்தியதை எடுக்காமல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் திரும்ப உள்ளே வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. "இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும், வான்கோழி பெரிய உருப்படியாச்சே" என்று விடுகிற பத்து நிமிடத்தில்தான் 80 தாண்டி, உப்பு பிடித்து வைத்திருந்த நீரெல்லாம் டிரேயில் வந்து நிற்கும்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் கம்பியால் குத்தி, வருகிற நீர் தெளிவாக இருக்கிறதா, இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதை மட்டும் நம்பக் கூடாது. நீர் தெளிந்தும் உள்ளே வேகாமல் இருக்கலாம், எலும்போரம் சிவந்திருந்தும் வெந்திருக்கலாம்.

10. ஆற விடுவதும் சாறுக்குழம்பும்

எடுத்ததும் வெட்டாதீர்கள். 20 நிமிடம் ஆற வேண்டும். சூட்டோடு அறுத்தால் பலகை முழுக்க நீர் ஓடும். அந்த நீர் கறிக்குள் இருக்க வேண்டியது.

அந்த 20 நிமிடம் குழம்புக்கு. டிரேயில் உள்ளதை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பைத் தனியாக எடுங்கள். அதில் ஒரு மேசைக்கரண்டி கொழுப்பை எவர்சில்வர் சட்டியில் காய வைத்து, மைதாவைப் போட்டுப் பச்சை வாடை போக வறுங்கள். வடித்த சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள், மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். இறக்கை நுனியும் கழுத்தும் கடையில் வாங்கி வந்திருந்தால், கறி வேகும்போதே அவற்றை வேகவைத்து அந்த நீரை ஒரு தம்ளர் சேர்த்துக்கொள்ளலாம். கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வந்ததும் அடுப்பை அணையுங்கள்.

இப்போதுதான் எலுமிச்சைச் சாறு. இரண்டு தேக்கரண்டியில் ஆரம்பித்து நாக்கில் வைத்துப் பார்த்துக் கூட்டுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் மணம் ஆவியோடு போய்ப் புளிப்பு மட்டும் நிற்கும். அலுமினியச் சட்டியில் இதைச் செய்ய வேண்டாம், புளிப்பு அலுமினியத்தோடு சேர்ந்து ஒருவித இரும்பு ருசி வரும். உப்பை இந்தக் கட்டத்தில் சரிபாருங்கள். டிரேயில் இறங்கிய சாற்றிலேயே உப்பு இருக்கும், பெரும்பாலும் எதுவும் சேர்க்க வேண்டியிருக்காது.

11. அறுப்பது

எலும்போடு வைத்து மேலிருந்து சீவ ஆரம்பித்தால் நாருக்கு இணையாகக் கத்தி போகும், வாயில் நீள நீளமாக நார் வரும். நடு எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி, விலா எலும்பு மேலாகவே வழித்துக்கொண்டு போனால் பாதி நெஞ்சு முழுசாகக் கழன்று வரும். அடுத்த பக்கமும் அப்படியே. பிறகு பலகையில் வைத்து, நாருக்குக் குறுக்கே, சுண்டுவிரல் தடிமனில் சீவுங்கள். ஒவ்வொரு சீவலிலும் ஓரத்தில் தோல் இருக்க வேண்டும். அதற்குக் கத்தி கூராக இருப்பது அவசியம், மொட்டைக் கத்தி தோலை உரித்துவிடும்.

சீவிய கறிமேல் மீதமுள்ள பழத்திலிருந்து நாலு சொட்டுச் சாறு விடலாம். தோல்மேல் படாமல் விடுங்கள். இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் இந்தச் சாறுக்குழம்பு நன்றாகச் சேரும். வெறும் ரொட்டிக்கும் சரி. சாம்பாரோடு வேண்டாம்.

12. மிச்சம் இருந்தால்

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் போய்விட வேண்டும். முழுத்துண்டாகவே வையுங்கள், சீவி வைத்தால் காய்ந்துவிடும். மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

சூடுபண்ணும்போது மைக்ரோவேவில் வைத்து எடுத்தால் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். குழம்பைக் கொதிக்கவிட்டு, சீவலை அதில் போட்டு மூடி, ஆவி பறக்கச் சூடேறியதும் எடுங்கள். குழம்பு தீர்ந்துவிட்டால் ஆறிய கறியை மெல்லிய நாராகப் பிய்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசறலாம். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அதுவே போதும். எலும்பைத் தூக்கிப் போடாதீர்கள். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்தால் மறுநாள் ரசத்துக்கு ஆகும்.